ஆப்ட் கேட்டால் ஆப்ட் கொடுங்கள்: உபுண்டு டெஸ்க்டாப் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தின் டெஸ்க்டாப் குழுவினருக்கு வணக்கம்.

உபுண்டு 22.04 வெளியீட்டில் ஃபயர்பாக்ஸ் உலாவியின் டெப் பொதியை (ஆப்ட் என்னும் கட்டளைக் கருவி நிறுவும் பழைய வடிவம்) கைவிட்டு, உங்கள் சொந்தப் பொதி வடிவமான ஸ்னாப்புக்கு மாறினீர்கள். நீங்கள் சொன்ன காரணங்களை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு உபுண்டு பதிப்புக்கும் தனித்தனியாக டெப் கட்டுவது பெரும் உழைப்பு. டெப்புக்குள் இருக்கும் நிறுவல் நிரல்கள் ரூட் உரிமையோடு, அதாவது கணினி முழுவதையும் மாற்றும் அதிகாரத்தோடு, ஓடுகின்றன என்பதும் உண்மையான ஆபத்துதான்.

மாறிய விதம்தான் வருத்துகிறது. முனையத்தில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ்' என்று தட்டினால் உலாவியே இல்லாத வெறும் கூடு ஒன்று வருகிறது. அது ஸ்னாப்புகளை நிறுவும் ஸ்னாப்டி என்ற நிரலை அழைத்து, உங்கள் ஸ்னாப் கடையிலிருந்து ஃபயர்பாக்ஸின் ஸ்னாப்பை இறக்குகிறது. அந்தக் கூட்டின் பதிப்பு எண் '1:1ஸ்னாப்1' என்று தொடங்குகிறது. முன்னால் நிற்கும் அந்த '1:' இருப்பதால், ஆப்ட்டின் கணக்கில், ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே டெப்பாக வெளியிட்ட 122-ஆம் பதிப்பைவிட இந்தக் கூடுதான் புதியது! மொசில்லாவின் களஞ்சியத்தை (பொதிகளை வழங்கும் இணைய இடத்தை) ஆப்ட்டில் சேர்த்த பிறகும், அதற்கே முன்னுரிமை என்று தனியாக ஒரு கோப்பு எழுதிவைத்தால்தான் உண்மையான டெப் நிலைக்கும். புதிதாக லினக்ஸுக்கு வரும் ஒருவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

குரோமியம் உலாவிக்கு உபுண்டு 19.10-லேயே இதைச் செய்தீர்கள். அதைக் கண்டித்துத்தான் 2020-இல், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட் 20, ஸ்னாப்டி தானாக நுழையாதபடி ஆப்ட்டிலேயே தடை வைத்தது.

ஸ்னாப் மோசமான வடிவம் அல்ல. சர்வர்களிலும் கட்டளைவரிக் கருவிகளிலும் அது செய்வதை, வரைகலைச் செயலிகளுக்கென்றே உருவான ஃபிளாட்பேக் என்னும் போட்டி வடிவம் செய்வதில்லை. ஆனால் ஃபிளாட்பேக்கில் யார் வேண்டுமானாலும் களஞ்சியம் நடத்தலாம். ஃப்ளாட்ஹப் என்னும் பெரிய களஞ்சியம் இருக்கும்போதே, ஃபெடோரா என்னும் வேறொரு லினக்ஸ் தனக்கென ஒன்றை வைத்திருக்கிறது. ஆப்இமேஜ் என்னும் இன்னொரு வடிவத்துக்குக் கடையே வேண்டாம், ஒரே கோப்பு போதும். ஸ்னாப்புக்கு மட்டும் ஒரே கடை, அதன் சர்வர் நிரலும் வெளியார் பார்க்க முடியாதபடி மூடியே இருக்கிறது. இந்த நிலையில், 23.04 முதல் அதிகாரபூர்வ உபுண்டு வகைகள் (குபுண்டு போன்றவை) எதுவும் ஃபிளாட்பேக்கை இயல்பாகத் தரக்கூடாது என்று 2023 பிப்ரவரியில் அறிவித்தீர்கள். ஸ்னாப் தன் தகுதியால் வெல்லும் என்று நம்புகிறவர்கள் இப்படிச் செய்ய வேண்டியதில்லை.

எனவே கேட்கிறேன். ஸ்னாப் கடையின் சர்வர் நிரலைத் திறந்துவிடுங்கள். ஃபிளாட்பேக்கைத் தருவதா வேண்டாமா என்பதை அந்தந்த வகைகளின் குழுக்களே முடிவுசெய்யட்டும். ஆப்ட் வழியாக ஃபயர்பாக்ஸ் கேட்பவரிடம், வரப்போவது ஸ்னாப் என்று சொல்லிச் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்பவருக்கு மொசில்லாவின் களஞ்சியத்தைச் சேர்க்கும் வழியை அங்கேயே காட்டுங்கள்.

இப்படிக்கு,
உபுண்டு பயனர் ஒருவர்