செயலாளரின் ஆண்டறிக்கை: பெட்டியில் பயணம் போகும் ஊர்வன

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிகாகோ வட்டாரத்தில் பல்லியும் பாம்பும் ஆமையும் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிக நேரம் ஒரே விஷயத்துக்குத்தான் போனது: உயிருள்ள ஊர்வனவற்றை வெளியூருக்குப் பத்திரமாக எப்படி அனுப்புவது, எப்போது அனுப்பவே கூடாது. வழக்கமான செய்திகளை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

மாதக் கூட்டங்கள் நூலக அறையில் தவறாமல் நடந்தன. டின்லி பார்க் ஊர்வன கண்காட்சிக்குச் சேர்ந்து போய் வந்தோம். பொங்கல் விழாவில் நம் பிள்ளைகள் வைத்த மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா பாட்டிகள் முதலில் தள்ளியே நின்றார்கள். அப்புறம் சிலர் கார்ன் ஸ்னேக் என்னும் விஷமில்லாத பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி முக்கிய விஷயம். ஜனவரியில் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குத் தெற்கு மாநிலம் ஒன்றிலிருந்து க்ரெஸ்டட் கெக்கோ என்னும் பல்லியின் குஞ்சு ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்தபோது அதற்கு உயிர் இல்லை. கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் சிகாகோ குளிரைத்தான் குறை சொன்னார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்த நம் மூத்த உறுப்பினர்கள் சொன்ன காரணம் வேறு. கையைச் சூடாக்கிக்கொள்ள வைத்திருக்கும் சின்ன வார்மர்கள் குஞ்சு இருந்த டப்பாவோடு ஒட்டியபடியே இருந்தன. பெட்டியில் காற்றுத் துளை ஒன்றுகூட இல்லை. க்ரெஸ்டட் கெக்கோ பசிபிக் பெருங்கடலின் நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்தது. 85 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலே அதற்குத் திணறல். அந்த வார்மரோ 100 டிகிரிக்கு மேல் சுலபமாகப் போய்விடும். குஞ்சைக் கொன்றது குளிர் அல்ல, சூடு என்பதே அவர்களின் முடிவு.

இந்தச் செய்தி நம்மில் பலருக்குப் புதிதாக இருந்தது. ஆனால் யோசித்தால் புரியும். ஊர்வன தம் உடல் சூட்டைத் தாமே பெரிதாக உண்டாக்கிக்கொள்வதில்லை. பெட்டி குளிர்ந்தால் உடலும் குளிர்கிறது. மூச்சும் இதயத் துடிப்பும் மெதுவாகின்றன. காற்றின் தேவையும் குறைகிறது. 60 டிகிரியில் ஓர் இரவைக் கழித்த ஆரோக்கியமான பால் பைத்தான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறு மலைப்பாம்பு, ball python) மந்தமாக வந்து சேரும். மறுநாளே பெரும்பாலும் தேறிவிடும். 100 டிகிரிக்கு மேல் போன பெட்டியில் சில மணி நேரமே போதும், அதன் உயிர் போய்விடும். நமக்குக் குளிர் பிடிப்பதில்லை என்பதால் அதற்கும் பிடிக்காது என்று நினைத்து சூட்டை அள்ளி வைக்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனாலும் அதை நிறுத்த வேண்டும்.

பிப்ரவரியில் இதற்காகவே ஒரு பட்டறை வைத்தோம். வெப்பத்தைப் பதிவு செய்யும் சிறு தெர்மாமீட்டர்களைக் காலிப் பெட்டிகளில் வைத்து, ஓர் உறுப்பினரின் கராஜில் இரவு முழுக்க விட்டோம். கை வார்மர் வைத்த பெட்டி மளமளவென்று சூடேறி, விடிவதற்குள் ஆறிப்போனது. 72 மணி நேரம் சூடு தரும் ஹீட் பேக் வைத்தது மெதுவாக ஏறி, ஏறிய இடத்தில் நின்றது. ஹீட் பேக்கோடு, 22 டிகிரி செல்சியஸில் உருகி உறையும் ஜெல் பேக்கையும் வைத்த பெட்டியில்தான் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. சூடு கூடினால் அந்த ஜெல் உருகி அதை வாங்கிக்கொள்கிறது. குறைந்தால் உறைந்து திருப்பித் தருகிறது. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சங்கத்துக்குச் சில வாங்கி வைத்திருக்கிறோம். தேவைப்படுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

துளையே இல்லாமல் டேப் போட்டு மூடிய பெட்டி ஒன்றையும் வைத்திருந்தோம். பிள்ளைகள் அதைத்தான் அதிகம் கவனித்தார்கள். ஹீட் பேக்கில் இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரி, கொஞ்சம் ஈரம். காற்றுப் பட்டதும் இரும்பு துருவேறுகிறது. அந்தத் துருவேற்றம்தான் சூடு. காற்று தீர்ந்ததும் பேக் அணைந்துவிட்டது. மூடியைத் திறந்து சிறிது நேரத்தில் மறுபடி சுடத் தொடங்கியது. அப்படியானால் மூடிய பெட்டிக்குள் அது பிராணியின் மூச்சுக்காற்றைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஹீட் பேக் வைத்தால் துளை கட்டாயம். பேக்கை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே பிரித்து வைத்து, சூடு சீரான பிறகு, மூடியின் உட்புறத்தில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். காற்று வாங்கும் பக்கத்தை டேப்பால் மூடிவிடக் கூடாது. டப்பாவுக்கும் பேக்குக்கும் நடுவே கசக்கிய காகிதம் இருக்க வேண்டும். வெளியே 70 டிகிரிக்கு மேல் என்றால் ஹீட் பேக்கே வேண்டாம்.

பெட்டிக்குள் நான்கு பக்கமும் மேலும் கீழும் தெர்மாகோல் பலகை. பல்லிக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே டிஷ்யூ பேப்பர். பாம்புக்குத் துணிப்பை, தையல் பிரியாத தலையணை உறை போதும். வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, அதன் மேல் டேப். அசைந்தால் உருளாத அளவுக்கு இடைவெளியைக் காகிதத்தால் நிரப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் பாம்புக்கு ஒரு வாரமாவது தீனி கூடாது. பல்லிக்கு இரண்டு மூன்று நாள். தின்றதைக் கக்கிவிட்டால் பெட்டிக்குள்ளேயே கிடந்து அவஸ்தைப்படும். சட்டை உரிக்கும் நேரத்தில் இருப்பது, சினையாக இருப்பது, நோய்ப்பட்டது, இன்னும் தானாகத் தின்னத் தொடங்காத குஞ்சு, இவை எதுவும் பயணம் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது வழி. ஃபெடெக்ஸ் கூரியர் நிறுவனம் தனியாரின் பிராணிகளை நேராக வாங்குவதில்லை. பொதி முறைக்கு ஒப்புதல் பெற்ற இடைநிறுவனங்கள் வழியாக லேபிள் எடுத்து ஓவர்நைட் சேவையில் அனுப்புகிறோம். இரவில் போகும் ஃபெடெக்ஸ் பார்சல்களில் ஏராளமானவை நள்ளிரவில் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் விமான நிலையத்தில் இறங்கி, பிரிக்கப்பட்டு, விடியுமுன் வேறு விமானம் ஏறுகின்றன. அனுப்புகிறவர் தன் ஊர் வானிலையைப் பார்க்கிறார், வாங்குகிறவர் தன் ஊர் வானிலையைப் பார்க்கிறார், மெம்ஃபிஸ் வானிலையை யாரும் பார்ப்பதில்லை. அங்கே இடிமழையோ பனிமழையோ வந்தால் ஓர் இரவுப் பயணம் இரண்டு இரவாகிவிடும். அதனால்தான் திங்கள், செவ்வாய், புதன் மட்டும் அனுப்பச் சொல்கிறோம். வியாழனன்று கிளம்பித் தடைபட்ட பெட்டி சனி ஞாயிறு முழுக்கக் கிடங்கில் கிடக்க நேரிடும்.

வீட்டு வாசலுக்கு வரவழைப்பதைவிட, ஆள் இருக்கும் கூரியர் மையத்திலேயே நிறுத்தி வைக்கச் சொல்லி நாமே போய் எடுப்பது நல்லது. ஜூலை மாதத்து டெலிவரி வேனின் பின்பக்கம் வெளியைவிட எவ்வளவு சுடும் என்பது வெயில் காலத்தில் பூட்டிய காரைத் திறந்த எல்லோருக்கும் தெரியும்.

கோடையில் ஒரு குடும்பம் வேலை மாற்றலாகி அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அவர்கள் மகள் குட்டியிலிருந்து வளர்த்த பால் பைத்தானை அனுப்பி வைக்கச் சொன்னார்கள். பாம்பைப் பயணிகள் அறைக்குள் கொண்டுவரப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை, கூரியர்தான் வழி. ஆனால் ஃபீனிக்ஸில் அப்போது பகலில் 110 டிகிரி. அப்பா அவசரப்பட்டார், பிள்ளை தொலைபேசியில் அழுதாள். செயற்குழு மறுத்துவிட்டது. நம் உறுப்பினர் ஒருவர் அந்தப் பாம்பைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்; வாரந்தோறும் அந்தப் பிள்ளைக்கு வீடியோவில் காட்டினார். அக்டோபர் இறுதியில் வெயில் தணிந்ததும், மையத்தில் நிறுத்தி வைக்கும் முறையில் அனுப்பினோம். நலமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த உறுப்பினருக்கு இந்தச் சபையில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இந்த ஆண்டு நாம் செய்த மிக நல்ல காரியம் இதுவே என்பேன்.

சட்ட விஷயங்களில் உறுப்பினர்கள் அடிக்கடி கேட்டவற்றுக்குப் பதில். அமெரிக்க அஞ்சல் துறை பாம்பையும் ஆமையையும் ஏற்பதில்லை. தீங்கில்லாத சிறு பல்லிகளை ஏற்கிறது. ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க, சால்மொனெல்லா கிருமி காரணமாக 1975 முதல் நாடு முழுக்கத் தடை. மாநிலம் தாண்டிப் போகும் பெட்டியின் வெளியே அனுப்புநர், பெறுநர் பெயர் முகவரியும், உள்ளே எந்த இனம், எத்தனை என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். அதை மறைத்து அனுப்புவது, வனஉயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் லேசி சட்டப்படி குற்றம். பர்மிய மலைப்பாம்பு 2012இல் மத்திய அரசின் தீங்கு விளைவிக்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. கண்டப்பகுதியின் 49 மாநிலங்களுக்கிடையே கொண்டுபோவதை அந்தப் பட்டியல் தடுக்காது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் மாநிலச் சட்டங்கள் தனி. ஹவாயில் எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க முடியாது. ஃபுளோரிடா 2021இல் பச்சை இகுவானாவையும் டேகு என்னும் பெரிய பல்லியையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. அனுப்பும் முன் போய்ச் சேரும் மாநிலத்தின் சட்டத்தைப் பாருங்கள்.

ஊரிலிருந்து நட்சத்திர ஆமை வரவழைக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். முடியாது, முயலவும் கூடாது. இந்திய வனஉயிர்ச் சட்டம் அதைக் காக்கிறது. 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கும் அது போனது. கடத்தல்காரர்கள் அவற்றைப் பெட்டிகளில் திணித்து அனுப்பும் படங்களைச் செய்திகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வியாபாரத்தில் நம் பணம் ஒரு காசுகூடச் சேரக் கூடாது.

பெட்டி வந்து சேர்ந்த பிறகு செய்வதற்கும் ஒரு வார்த்தை. உடனே திறந்து பாருங்கள். குளிர்ந்து வந்திருந்தால் விளக்கடியில் வைக்காமல் அறைச் சூட்டிலேயே மெல்லத் தேற விடுங்கள். முதலில் தண்ணீர், தீனி சில நாள் கழித்து. வீட்டிலுள்ள மற்றப் பிராணிகளிடமிருந்து குறைந்தது ஒரு மாதமாவது தனி அறையில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் தொட்டுத் தூக்க ஆசைப்படுவார்கள். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை வைக்கிறது. புறப்படும் ஊர், மெம்ஃபிஸ், சேரும் ஊர் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிலாவது வெப்பம் 40க்கும் 90 டிகிரிக்கும் இடையில் இல்லாத நாளில் சங்கத்தின் பெயரால் எதையும் அனுப்பக் கூடாது. வானிலைக்காகக் காத்திருக்கும் பிராணிகளைப் பார்த்துக்கொள்ள முன்வரும் வீடுகளின் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருந்து, தீனிச் செலவைச் சங்க நிதியிலிருந்து தர வேண்டும். பொதி கட்டும் பட்டறையை ஆண்டுக்கு இருமுறை, குளிர்காலத்துக்கு முன்பும் கோடைக்கு முன்பும் நடத்த வேண்டும்.

கராஜைத் தந்த குடும்பத்துக்கும், நூலக ஊழியர்களுக்கும், தெர்மாமீட்டர் அளவுகளை இரவு முழுக்க விழித்திருந்து குறித்த பிள்ளைகளுக்கும் நன்றி. விவாதம் முடிந்ததும் தீர்மானங்களைத் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்