அது துக்கமல்ல, விசேஷம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த நெதர்லாந்து காற்றாலைப் படங்களில் இரண்டாவது, இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. அங்குள்ள பழைய காற்றாலைகள், முன்னால் நின்று பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இறக்கையின் நடுக்கட்டைக்கு ஒரு பக்கம் குறுகலான பலகை. மறுபக்கம் பாய்த்துணி விரிக்கும் அகலமான கிராதி. பலகை முன்னே போகும், கிராதி பின்னே வரும். ஆகவே கீழ்நோக்கி நிற்கும் இறக்கையில் கிராதி நமக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் வலப்பக்கம் இருக்கிறது.

சின்ன விஷயம்தானே என்று விட முடியாது. ஆலைக்காரர் இறக்கையை எந்தக் கோணத்தில் நிறுத்துகிறார் என்பதே அங்கே ஒரு சேதி. மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன் நின்றால் மகிழ்ச்சி, தாண்டி நின்றால் துக்கம். 2014 ஜூலையில் மலேசிய விமானம் உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அந்நாட்டுக் காற்றாலைகள் பலவும் துக்க நிலையில் நின்றன. அச்சான படத்தில் மேல் இறக்கை இடப்பக்கம் சாய்ந்து துக்கம் சொல்கிறது. உண்மையில் அன்று அங்கே ஏதோ விசேஷம்!

பழைய காற்றாலைகளைப் படமெடுத்து ஆவணப்படுத்துவதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களும் முகப்போடு நின்றுவிடுகிறார்கள். ஆவணத்துக்கு முதுகுதான் முக்கியம். ஆலையின் தொப்பியை, அதாவது இறக்கைகளைத் தாங்கும் சுழலும் கூரையை, காற்றுக்கு நேராகத் திருப்புவது நீண்ட வால்கட்டையா, 1745-இல் எட்மண்ட் லீ காப்புரிமை பெற்ற சிறு விசிறியா என்பது பின்னால் போனால்தான் தெரியும். கட்டட உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்று, கேமராவை அண்ணாத்தாமல் மட்டமாக வையுங்கள். படத்தில் கீழ்ப்பாதி வெறும் தரையாகப் போகும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் சுவர் மேலே குறுகும். கட்டடமே மேலே குறுகும் வடிவம் என்பதால், எது நிஜம், எது லென்ஸின் வேலை என்று பின்னால் பிரித்தறிய முடியாது.

ஷட்டர் வேகம் 1/1000 வைத்தால் ஓடும் ஆலையும் நின்றதுபோல் இருக்கும். ஓட்டம் தெரிய வேண்டுமானால் டிரைபாடில் 1/15 நொடி போதும். நிமிடத்துக்கு 15 சுற்று ஓடும் இறக்கை அதற்குள் 6 பாகை நகர்ந்திருக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கை கீழே கடந்தது என்று எண்ணி 4-ஆல் வகுத்தால் சுற்று வேகம். அப்போது இறக்கை வீச்சுக்குள் கால் வைக்கக் கூடாது. சில ஆலைகளில் அது தரையை ஒட்டியே வரும்.

உள்ளே ஃபிளாஷ் வேண்டாம், மாவுத்தூசி வெள்ளைப் புள்ளிகளாக விழும். டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தச்சர் கீறிய குறிகள் எழும்பி வரும். இங்கிலாந்தின் பிட்ஸ்டோன் காற்றாலையின் மரச்சட்டத்தில் 1627 என்று செதுக்கியிருப்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஒரு கட்டையிலுள்ள ஆண்டு அந்தக் கட்டையின் ஆண்டாக மட்டுமே இருக்கலாம்; பழைய மரத்தை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து பொருத்துவது அக்காலத்தில் சாதாரணம். ஆலை நின்று பிரேக் போட்டிருக்கும்போது ஒவ்வொரு பற்சக்கரத்திலும் முதல் பல்லில் நூல் கட்டிவிட்டுப் பற்களை எண்ணுங்கள். இறக்கை ஒரு முறை சுற்ற, எந்திரக்கல் எத்தனை முறை சுற்றும் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது.

நெதர்லாந்தின் கிண்டர்டைக் என்ற ஒரே ஊரில் மட்டும் 19 ஆலைகள் நிற்கின்றன. ‘நெதர்லாந்து காற்றாலை’ என்று மட்டும் போட்டால் எதென்று கண்டுபிடிப்பது? ஆலையின் பெயர், எடுத்த தேதி, கேமரா பார்த்த திசை, இம்மூன்றும் படக்குறிப்பில் வரட்டும். இரண்டாவது படத்தையும் திருத்தி மறுபடி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்