விழித்திரைப் பரிசோதனை முகாமுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

சர்க்கரை நோயாளிகளுக்கான நம் முகாம் முடிந்த கையோடு இதை எழுதியிருக்க வேண்டும், களைப்பில் தள்ளிப்போட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

முதல் நன்றி செவிலியர் அக்காக்களுக்கு. விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமராவை நீங்கள் அதற்குமுன் தொட்டதே இல்லை. முதல் நாள் காலையில் எடுத்ததில் பாதிப் படம் மங்கல், படத்தைப் பார்த்து நோய் இருக்கிறதா என்று சொல்லும் மென்பொருள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. அறையில் வெளிச்சம் அதிகம், கண்பாவை விரியவே இல்லை என்று கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் ஜன்னலில் கறுப்புப் போர்வையை ஆணியடித்து மாட்டினீர்களே, அதற்கப்புறம்தான் சொட்டு மருந்து விடாமலே படம் தெளிவாக விழ ஆரம்பித்தது. ஒரு கண்ணுக்கு ஃப்ளாஷ் அடித்தால் மற்றக் கண்ணின் பாவையும் சேர்ந்து சுருங்கும், கொஞ்ச நேரம் இருட்டில் உட்காரவைத்துவிட்டு அடுத்த கண்ணை எடுங்கள் என்று எங்களுக்கே பாடம் நடத்தினீர்கள்.

அப்படியும் சிலருக்குப் படம் தேறவில்லை. கண்புரை முற்றியிருந்தால் கேமராவுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. அவர்களை வீட்டுக்கு அனுப்பாமல், படம் விழவில்லை என்பதையே காரணமாக எழுதி மருத்துவரிடம் அனுப்பிய தன்னார்வலர் தம்பிக்குத் தனி நன்றி. பல முகாம்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

மருத்துவர் பார்க்காமலே நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டுசொல்லும் மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2018-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் மென்பொருள் சந்தேகப்பட்ட படங்களையெல்லாம், இணையம் இழுத்து இழுத்து நள்ளிரவில் வந்து சேர்ந்தபோதும், தூங்காமல் பார்த்து எழுதிக்கொடுத்த கண் மருத்துவர்களே, உங்களுக்கு நான் என்ன சொல்ல?

"பார்வை நல்லாத்தானே இருக்கு, எனக்கெதுக்குப் படம்?" என்று எழுந்த பெரியம்மா, திரையில் தன் விழித்திரையின் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்தார். சர்க்கரை விழித்திரையைத் தொட்டாலும் ஆரம்பத்தில் வலியும் இல்லை, மங்கலும் இல்லை, அதுதான் சிக்கல். மறுநாள் தன் தெருவிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். பெரியம்மா, உங்களுக்கும் நன்றி.

அப்புறம் அந்த ஃபோன்காரர்கள். சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கூலி போய்விடும், துணைக்கு ஆள் இல்லை, பஸ் இல்லை என்று ஆளுக்கொரு காரணம். சலிக்காமல் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, வண்டியும் பிடித்துக்கொடுத்து, லேசர் சிகிச்சை வரை கொண்டுசேர்த்தது நீங்கள்தான்.

இன்னும் போகாதவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, திங்கட்கிழமை மறுபடி கூப்பிட வேண்டும், தயாராக இருங்கள்.

அந்தக் கறுப்புப் போர்வை யாருடையது என்று சொன்னால் துவைத்துத் தந்துவிடுகிறேன். ஆணி ஓட்டைக்கு நான் பொறுப்பில்லை.