வாத்துகள் கிளம்பிவிட்டன அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே, வேலை அப்படி. நான் நன்றாக இருக்கிறேன். காலையில் எழுந்து பார்த்தால் உப்பைக் கொட்டினாற்போல் புல் மேல் உறைபனி. அரிசியும் பருப்பும் நானே ஆக்கிக்கொள்கிறேன், உன் கைப்பக்குவம்தான் வரமாட்டேன் என்கிறது.

கீழ்வீட்டுப் பெரியவர் அப்படியேதான் இருக்கிறார். காட்டு வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு மேலே போனால் போதும், கதவைத் தட்டி என்னை வெளியே இழுத்துவிடுவார். போன ஞாயிற்றுக்கிழமை 'ஃப்ளை அவே ஹோம்' என்ற படம் போட்டுக் காட்டினார், 1996இல் வந்தது. அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பெண்பிள்ளை நியூசிலாந்திலிருந்து கனடாவில் இந்த ஒண்டாரியோவுக்கு அப்பாவிடம் வருகிறாள், யாரோடும் ஒட்டவில்லை. மரங்களை இயந்திரம் வைத்துத் தள்ளிய இடத்தில் வாத்து முட்டைகள் அநாதையாகக் கிடக்க, எடுத்து வந்து இழுப்பறையில் துணி விரித்து, பல்பு சூட்டில் பொரிக்க வைக்கிறாள். குஞ்சு வெளியே வந்ததும் முதலில் யாரைப் பார்க்கிறதோ அவர்தான் அதற்குத் தாயாம். 16 குஞ்சும் அவள் பின்னாலேயே ஓடுகின்றன! தெற்கே போகிற வழியைத் தாய்தான் காட்ட வேண்டும், இவற்றுக்கு யார் இருக்கிறார்கள், அதனால் அப்பாவும் மகளும் சின்னஞ்சிறு விமானங்களில் முன்னே பறந்து கூட்டிப் போகிறார்கள். வெறும் கதை என்று நினைக்காதே, பில் லிஷ்மன் என்ற சிற்பி 1993இல் 18 வாத்துகளை இங்கிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியா வரைக்கும் நிஜமாகவே அப்படிக் கூட்டிப் போயிருக்கிறார்.

எனக்கு உன் கவுதாரிக் குஞ்சுதான் ஞாபகம். சோளத்தட்டு அறுக்கும்போது கிடைத்ததே. புற்றை உடைத்துக் கொட்டாங்குச்சியில் கரையான் அள்ளிவந்து போடுவாய், அதுவும் கிணற்று மேடு வரைக்கும் உன் பாவாடையை ஒட்டியே ஓடிவரும். படம் முடிந்து வெகுநேரம் நான் எழுந்திருக்கவில்லை. பெரியவரும் விளக்கைப் போடவில்லை. வாத்துகளே வெயில் தேடிக் கிளம்பிவிட்டன அக்கா, எனக்கு இந்தப் பொங்கலுக்கும் வர முடியாது போல, லீவு இல்லை.

சரி, அப்பா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. பணம் இந்த மாதம் பத்து நாள் கழித்து வரும், சம்பளத் தேதி மாறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. வரப்பு விஷயத்தில் சர்வேயர் வந்து அளக்கிற வரைக்கும் மாமாவைப் பெரியப்பா வீட்டில் வாய் கொடுக்க விடாதே. பாகப் பத்திரத்துக்கு நான் பவர் எழுதி அனுப்புகிறேன். அப்புறம், மாப்பிள்ளையைத் தைக்குள் ஒரு நாள் வெள்ளோடு குளத்துக்குக் கூட்டிப் போ. ஊசிவால் வாத்து வந்திருக்கிறதா என்று அவன் கையாலேயே எனக்கு எழுதச் சொல்.

உன் தம்பி