ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஏப்ரல் கூட்டம் மட்டும் சித்திரைத் திருவிழா நெரிசலால் ஒரு வாரம் தள்ளிப் போனது. ஹாம் ரேடியோ லைசென்ஸ் தேர்வுக்கான வகுப்பு நடந்தது. அக்டோபரில் சாரணர் பிள்ளைகளை வைத்து ஜோட்டா (சாரணர்கள் ரேடியோ வழியே பேசிக்கொள்ளும் உலகச் சந்திப்பு) நடத்தினோம். அழகர்மலை அடிவாரத்தில் பேட்டரியில் ரேடியோ நிலையம் போட்டோம். மழை வந்ததால் சீக்கிரமே ஏறக்கட்ட வேண்டியதாயிற்று. 40 மீட்டர் அலைவரிசையில் காலை நெட் (குறித்த நேரத்தில் உறுப்பினர்கள் ரேடியோவில் கூடிப் பேசுவது) தடையில்லாமல் நடக்கிறது. ஆனால் அதில் கேட்கும் குரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஏன் குறைகின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆண்டு வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கும் வேலையைத் தொடங்கினேன். "ரிக் போச்சு சார், விட்டாச்சு" என்று ஒதுங்கியவர்களின் வீடுகளுக்கே முதலில் போனேன். உண்மையில் ரிக், அதாவது ரேடியோ செட், கெட்டுப்போயிருந்த வீடுகள் மிகக் குறைவு. மே 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல் வந்து எச்.எஃப். (சிற்றலை) பேண்டுகள் நிலைகுலைந்தபோதுகூட, ரிக்கை விற்றுவிடலாமா என்று கேட்டுச் சிலர் போன் செய்தார்கள்.

திருநகரில் ஓர் உறுப்பினருக்கு, வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் நாள் முழுக்க 9-இல் நின்றது. ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். முதலில் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பார்த்தோம், இரைச்சல் நின்றது. அப்படியானால் அது வெளியிலிருந்து ஆன்டெனா வழியாக வருகிறது, ரிக்கில் குற்றமில்லை. அப்புறம் கேபிளை மாட்டி, ரிக்கை 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றி, வீட்டின் மெயினையே அணைத்தோம். மீட்டர் 2-க்கு இறங்கியது. அந்த வீட்டு அம்மா சுவிட்ச் போர்டருகே நின்று ஒவ்வொரு எம்.சி.பி.யாகப் போட்டுக்கொண்டே வந்தார். மோட்டார் லைனைப் போட்டதும் மீட்டர் மறுபடி 9. மேல்தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் சின்னப் பெட்டிதான் காரணம். அதற்குள் இருக்கும் மலிவு விலை எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையில் இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டரே கிடையாது. அதன் சென்சார் ஒயர் சுவரேறித் தொட்டிவரை, ஆன்டெனாவிலிருந்து ரிக்குக்கு வரும் நம் கோஆக்ஸ் கேபிளை ஒட்டியே போகிறது. பெட்டியின் இரைச்சலுக்கு அந்த ஒயரே ஆன்டெனாவாகிவிட்டது. பெட்டிப் பக்கம் ஒயரை, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் பல சுற்று சுற்றி, கோஆக்ஸை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். அவர் இப்போது தினமும் நெட்டில் இருக்கிறார்.

மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வேறு கதை. அனுப்பும் சக்தி ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.3 என்று அழகாகக் காட்டுகிறது (1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது), ஆனால் அவர் பேசுவது பலருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று நம்பி ரிக்கை இரண்டு முறை கடைக்கு அனுப்பியிருக்கிறார். மொட்டை மாடிக்குப் போய்க் கேபிளின் மேல்முனையை டைபோல் ஆன்டெனாவிலிருந்து கழற்றிவிட்டு, கீழே அனலைசரில் (ஆன்டெனாவையும் கேபிளையும் சோதிக்கும் கருவி) பார்த்தேன். ஒன்றும் மாட்டாத கேபிள் என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். எக்கச்சக்கமாகக் காட்ட வேண்டும். இங்கே 3-தான் காட்டியது. அதாவது அனுப்பும் சக்தியில் பாதி கேபிளிலேயே கரைகிறது. திரும்பி வரும் சக்தியும் வழியிலேயே கரைந்துவிடுவதால் மீட்டருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிகிறது. பிளக்கை வெட்டிப் பார்த்தால், மழைத் தண்ணீர் இறங்கிச் செம்புப் பின்னல் கறுத்துப்போயிருந்தது. புதுக் கேபிள் போட்டு, பிளக்கை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றியதோடு வேலை முடிந்தது. எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருந்தாலே போதும் என்று நம்பும் உறுப்பினர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பேச ஆரம்பித்ததும் ரிக் அணைந்துவிடுகிறது என்ற புகார் பல இடங்களில் வந்தது. 100 வாட் ரிக் ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய ஒயர் அதைத் தாங்காது, வோல்டேஜ் இறங்கி ரிக் அணைந்துவிடும். பவர் சப்ளையில் 13.8 வோல்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மைக்கை அழுத்திப் பேசும்போது ரிக்கின் முனையில் அளந்து பாருங்கள். ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள், சுட்டால் அங்கேதான் கோளாறு.

இந்த வேலை எதையும் ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும், ஒருவர் சுவிட்சில் நிற்க வேண்டும். மாடியில் ஒருவர், கீழே ஒருவர். துணைக்கு வரும்படி நெட்டில் பலமுறை அழைத்தேன். வந்தவர்கள் எப்போதும் வரும் அதே இரண்டு மூன்று பேர்தான். இரவு பத்து மணிக்குப் போன் செய்து சந்தேகம் கேட்பவர்களில் பலரைக் கூட்டத்தில் பார்த்து ஆண்டுக்கணக்காகிறது. கேட்பது அவர்கள் உரிமை, சொல்வது என் கடமை. ஆனாலும் மனதில் இருப்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கணக்கைப் பொருளாளர் தணிக்கைக்குக் கொடுத்திருக்கிறார். வரவுக்குள் செலவு அடங்கிவிட்டது, கையிருப்பு சொற்பம். சந்தா பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. ஃபெரைட், பிளக், டேப் எல்லாம் பெரும்பாலும் என் கைக்காசில் வாங்கியவை. அதைத் திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லா உறுப்பினர் வீட்டு மாடிக் கேபிள்களையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். சங்கத்திடம் இருப்பது ஒரே அனலைசர், அதன் பேட்டரியும் தளர்ந்துவிட்டது. பாக்கிச் சந்தா வந்தால் இன்னொன்று வாங்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்துக்கு ஒன்று, நகருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதை இயக்கக் கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் ஞாயிறு காலை நெட் முடிந்ததும் என் வீட்டுக்கு வரலாம். செயலாளர் பொறுப்பை ஏற்க விருப்பமுள்ளவர்களும் வரலாம். பொருளாளர் இன்று ரசீதுப் புத்தகத்தோடுதான் வந்திருக்கிறார்.

73 (ஹாம் வழக்கில் 'நல்வாழ்த்துகள்').
செயலாளர்