அப்பாயி ராட்டினம் ஏறிய கதை

அன்புள்ள தம்பிக்கு,

லண்டன் ஐ ராட்டினத்தில் ஏறி நீ எடுத்து அனுப்பிய படங்களை அப்பாயியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்லயும் ஒண்ணு நிக்குதே, அதுல என்னைய யாரும் கூட்டிட்டுப் போகலையே" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. சிங்கப்பூர் ஃபிளையரை 2008-ல் திறந்தபோது நீ தொடக்கப்பள்ளியில் இருந்தாய், நாம் மூன்று பேரும் போய்வந்தோம். அப்பாயிக்குத் தலை சுற்றும், கால் வலிக்கும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம், அவரை ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. அதற்கப்புறம் அந்த வழியாக எத்தனை தடவை காரில் போயிருப்போம்!

சரி, இந்தச் சனிக்கிழமையே போய்விடலாம் என்று உன் அப்பாவைக் கிளப்பிவிட்டேன். அப்பாயி நீலப் பட்டுச்சேலை கட்டி, காலை பத்து மணிக்கே ரெடியாகிவிட்டார், நாங்கள் கிளம்பியதென்னவோ சாயங்காலம்தான். ராட்டினம் நிற்காது, அது நகர்ந்துகொண்டே இருக்கும்போதுதான் ஏற வேண்டும் என்பதால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அது நகர்வதே தெரியவில்லை. 150 மீட்டர் குறுக்களவு, ஒரு சுற்றுக்கு அரை மணி நேரம் என்றால் விநாடிக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல்தான் என்று அப்பா அங்கேயே நின்று கணக்குப் போட்டார். அங்கே வேலை பார்க்கும் ஒரு மலாய்ப் பையன் அப்பாயியின் முழங்கையைப் பிடித்து "மெதுவா, மெதுவா பாட்டி" என்று தமிழிலேயே சொல்லி ஏற்றிவிட்டான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

கூண்டுக்குள் நடுவில் பெஞ்சு இருந்தும் அப்பாயி உட்காரவில்லை. ஒரு கையில் தடி, இன்னொரு கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டார். ஏதாவது தெரிந்த இடம் கண்ணில் பட்டால் விரலால் தட்டுவார், வளையலும் சேர்ந்து டக் டக் என்று கண்ணாடியில் மோதும். இதில் 28 கூண்டு, கூண்டுக்கு 28 பேர், சீனர்களுக்கு அது ராசியான எண் என்று அப்பா சொன்னார். திறந்த சில மாதத்திலேயே சுற்றும் திசையையும் மாற்றினார்களே, ஊரின் செல்வத்தை வெளியே இழுத்துக்கொண்டு போகிறது என்று ஃபெங்சுயி என்ற சீன வாஸ்து பார்ப்பவர்கள் சொன்னதால், அதையும் சொன்னார். அப்பாயி "சரியாத்தான செஞ்சிருக்காங்க" என்று தலையாட்டினார். உன் லண்டன் ராட்டினத்தில் 13 என்ற எண்ணில் கூண்டே கிடையாதாமே, 12-க்கு அப்புறம் 14-தானாம். எந்த ஊராக இருந்தால் என்ன, இவ்வளவு உயரத்தில் ஆளை ஏற்றுகிறவர்களுக்கு இப்படி ஒரு பயம் இருந்தால் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பாதி உயரம் போனதும் அப்பாயி கேட்டார்: "கடல் எங்கடா?" கீழே தெரிந்த தண்ணீரை அப்பா காட்டி, அது இப்போது கடல் இல்லை, 2008-ல் மரினா அணைக்கட்டைத் திறந்து, கடலோடு சேரும் வாயை அடைத்துவிட்டார்கள், அப்புறம் உப்பெல்லாம் போய் இப்போது குடிதண்ணீர் ஏரி என்றார். அப்பாயியால் அதை நம்ப முடியவில்லை. வேதாரண்யம் பக்கத்துப் பெண் அல்லவா, நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு நடந்த கால்கள். "உப்புத்தண்ணிய நல்ல தண்ணியாக்கிட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், நாம் ஏறிய இடமும் கடலைத் தூர்த்த மண்தான், அப்பாயி வந்தபோது இங்கெல்லாம் அலைதான் என்று அப்பா சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அறுபதுகளில் சுமார் 580 சதுர கிலோமீட்டர் இருந்த தீவு இன்று 730-க்கு மேல். அந்த எண்ணெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. "அப்ப நாம கடல் மேலதான் நிக்கிறோம்" என்றார்.

தம்பி, அதற்கப்புறம் அவர் சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதமே. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, உன் அப்பாவும் கேட்டதில்லையாம்.

1957-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது அவருக்கு 18 வயது. கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தி எடுத்து எடுத்து வந்து சேர்ந்தார். வந்த பிறகு தினமும் அழுகை. தாத்தா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எலிசபெத் வாக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே கடலை வாங்கிக் கொடுத்து, கப்பல்கள் நிற்கும் பக்கம் கையைக் காட்டி "அந்தப் பக்கம்தான் நம்ம ஊரு" என்பாராம். அப்பாயி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம், இருட்டும்வரை.

உச்சியில், 165 மீட்டரில், "நாகப்பட்டினம் எந்தப் பக்கம்டா?" என்று கேட்டார். அப்பா போனில் திசைகாட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பாடாங் திடல் பக்கம், பழைய உச்ச நீதிமன்றத்துக் கூரை தெரிகிற பக்கம் கையை நீட்டினார். மேற்கே, கொஞ்சம் வடக்கே. கப்பல்கள் நிற்கிற, பாத்தாம் தீவு மங்கலாகத் தெரிகிற பக்கம் இந்தோனேசியா!

நான் பதறிப்போனேன், இதைச் சொல்லியிருக்கவே வேண்டாமே என்று. அப்பாயி தடியை ஊன்றித் திரும்பி, அந்தக் கட்டடங்களைப் பார்த்தார், மறுபடி கடலைப் பார்த்தார். "அவருக்குத் தெரியாம இருக்காது. கட்டடத்தக் காட்டி அந்தப் பக்கம் ஊருன்னா எனக்கு எங்க நம்பிக்கை வரும்? அதான் கடலக் காட்டியிருக்காரு" என்றார். அப்புறம்தான் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஜில்லென்று இருந்தது, குளிரூட்டி அதிகம். இறங்கும்போது ஏழு மணி தாண்டி, விளக்குகள் எல்லாம் போட்டாகிவிட்டது. மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் ஜொலித்தது, அவர் அதைப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தும் பேசிக்கொண்டே இருந்தார். தாத்தா முதலில் வாங்கிக் கொடுத்த செருப்பு, தேக்காவில் இரண்டு குடும்பத்தோடு பங்குபோட்ட அறை, ஊரிலிருந்து வந்த முதல் கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள் என்பதுவரை. எனக்குப் பாதிதான் மனதில் நின்றது. நீ கேட்டால் இன்னும் சொல்வார், பேரன் கேட்கிறான் என்றால் அந்தக் குரலே வேறு.

ஞாயிற்றுக்கிழமை இங்கே இரவு எட்டு மணிக்குள் கூப்பிடு, அங்கே உனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ஒன்பதுக்கெல்லாம் தூங்கிவிடுவார். லண்டன் ராட்டினம் 135 மீட்டர்தான், நம்முடையது 30 மீட்டர் கூட என்று உன்னிடம் அவரே சொல்லணுமாம், என்னைச் சொல்ல விடமாட்டேன் என்றார். நான் சொல்லிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா