“வெப்சைட்டில போட்டிருக்கே” என்று சொன்ன அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

திருகோணமலையில் இருக்கும் உங்கள் அலுவலகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. வாசிக்கும்போது உங்களுக்கே விளங்கும். புதிய இணையத்தளம் திறந்த கதையும், பழைய தளத்தில் கிடந்ததையெல்லாம் அதற்குள் அள்ளிப் போட்ட கதையும், இரண்டாம் கட்ட வேலைக்கு இப்போது ஆயத்தமாகிற கதையும் நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியவை அல்ல. கருமபீடத்துக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்து நாலு கடைக்குப் போடுகிறவர். 2006இல் மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கேயே தங்கிவிட்டார். தகப்பனின் பெயரில் இருக்கும் காணி அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றப் பல காலமாக அலைகிறார். போன மாதம் அதற்கென்றே மூதூரில் ஒரு நடமாடும் சேவை நடந்திருக்கிறது. ஆவணங்களோடு வரச் சொல்லி அறிவித்தலும் போட்டிருக்கிறீர்கள். அக்காவின் காதுக்கு அது எட்டியபோது சேவை முடிந்து எட்டு நாள். ஒருநாள் அவிப்பை விட்டுவிட்டு உங்களிடம் வந்து கேட்டாராம். உள்ளே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பதில் சொன்னாராம்: “வெப்சைட்டில போட்டிருக்கே அக்கா, பாக்கேல்லையா?”

அன்று பின்னேரம் அக்கா போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். “சேர், இதில எங்க இருக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ.”

நான் பாடசாலை நூலகம் ஒன்றில் முப்பது வருடம் அட்டை எழுதி ஓய்வுபெற்றவன். தேடுவதும் தேடிக் கொடுப்பதும்தான் என் தொழில். ஒரு அறிவித்தலைத் தேடி எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் போய்விடும் என்று கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் வாங்கினேன். சரியாக ஒன்றரை மணித்தியாலம் போனது.

தேடல் பெட்டியில் “மூதூர்” என்று அடித்தேன். முடிவு எதுவும் இல்லை. “மூதுர்” என்று குறிலில் அடித்ததும் நாலு வந்தன. பிறகு ஏதோ ஒரு பக்கத்தில் “மூது}ர்” என்று ஒன்று கண்ணில் பட்டது. அந்த அடைப்புக்குறி எங்கிருந்து வந்தது என்பது பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த எல்லோருக்கும் தெரியும். பாமினியில் அடித்ததை யூனிகோட்டுக்கு மாற்றும்போது நெடிலின் கொம்பு கழன்று விழுந்து அடைப்புக்குறியாக நிற்கும். யாராவது ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தால் போதும், திருத்தியிருக்கலாம். வாசிக்கவில்லை. ஆகவே உங்கள் தளத்தைப் பொறுத்தவரை மூதூர் மூன்று ஊர்கள்.

தேடலை விட்டுவிட்டு அறிவித்தல்கள் பக்கத்துக்குப் போனேன். “அறிவித்தல்”, “அறிவித்தல்”, “முக்கிய அறிவித்தல்”, “அறிவித்தல் 2”, மறுபடி “அறிவித்தல்”. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே திகதி. முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது, அது பழைய தளத்திலிருந்து நீங்கள் எல்லாவற்றையும் இடம்மாற்றிய நாள். 2014இல் போட்ட விலைமனு அறிவித்தலும் போன மாதத்து நடமாடும் சேவையும் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. எது கிழவன், எது குழந்தை என்று திறந்து முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். அறுபத்து மூன்றாவதில் கிடைத்தது. கோவையின் பெயர் “நோட்டீஸ் நியூ ஃபைனல் 2”. கடதாசியைச் சரிவாக வைத்து ஸ்கேன் செய்த படம். அதற்குள் எழுத்து என்று ஒன்றும் இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. எந்தத் தேடலாலும் அதை வாசிக்க முடியாது. சேவை நடக்கும் திகதியின் மேல் உங்கள் முத்திரை குத்தியிருந்தது. அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “ஓம், போட்டுத்தான் இருக்கினம்” என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

ஐயா, நான் கேட்பது ஒன்றுதான். இரண்டாம் கட்டத்தைத் தொடங்க முன்னர், தளத்தில் ஏறும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரே மாதிரியான விவரப் படிவம் ஒன்றை முடிவுசெய்யுங்கள். அதை நிரப்பாமல் எதுவும் ஏறக்கூடாது.

இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் அலுமாரியில் கிடக்கும் எந்தக் கடதாசிக் கோவையையும் எடுத்து அட்டையைப் பாருங்கள். கோவை இலக்கம், விடயம், கிளை, தொடங்கிய திகதி. அதுதான் இது. வெள்ளைக்காரன் காலத்து அரசாங்கக் கச்சேரியில் பழகிய பழக்கம். அட்டையில் ஒன்றும் எழுதாமல் ஒரு முகாமைத்துவ உதவியாளர் கோவையைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் வைத்தால் என்ன சொல்வீர்கள்? கணினிக்குள் வைத்தால் மட்டும் ஏன் ஒன்றும் சொல்வதில்லை?

உங்களுக்கு இது தெரியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். திறப்பு விழாப் படத்தொகுப்பைப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் இடமிருந்து வலமாகப் பெயர், பதவி, இடம், திகதி எல்லாம் பிழையில்லாமல் இருக்கின்றன. விளக்கேற்றியவர் யார், பொத்தானை அமத்தியவர் யார், பக்கத்தில் நின்று கைதட்டியவர் யார் என்பது வரை விவரம். உலகத் தரமான மெட்டாடேட்டா அது. மனதாரச் சொல்கிறேன். அந்த அக்கறையில் பாதி அறிவித்தல் பக்கத்துக்கும் கிடைத்திருந்தால் அக்கா அன்று மூதூர் பஸ்ஸில் ஏறியிருப்பார்.

புதிதாகக் கண்டுபிடிக்கவும் ஒன்றுமில்லை. 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் நூலகர்களும் கணினிக்காரரும் கூடிப் பேசித் தொடங்கியதுதான் டப்ளின் கோர் என்ற விவரப் படிவம். பதினைந்தே பதினைந்து விவரங்கள். தலைப்பு, ஆக்கியவர், விடயம், திகதி, மொழி, அடையாள இலக்கம், எந்த இடத்தைப் பற்றியது, எந்த ஆவணத்தோடு தொடர்புடையது என்று போகும். ஐஎஸ்ஓ 15836 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது. பாவிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பதினைந்தும் உங்களுக்கு வேண்டாம். எட்டைத் தெரிந்தெடுத்து ஒழுங்காக நிரப்பினாலே போதும்.

அந்த எட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டு. ஒன்று திகதி. ஒரு அறிவித்தலுக்குத் திகதி ஒன்றல்ல: கையெழுத்திட்ட நாள், தளத்தில் ஏற்றிய நாள், காரியம் நடக்கும் நாள் அல்லது முடிவு நாள். மூன்றுக்கும் மூன்று கட்டம் வேண்டும். எழுதும் முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். 03/04 என்று போட்டால் அது மார்ச் நாலா, ஏப்ரல் மூன்றா? ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கணினி தானாகவே அடுக்கிவிடும். முடிவு நாள் கடந்தவற்றைத் தானாகவே வேறு பக்கத்துக்கு நகர்த்தவும் முடியும்.

மற்றது ஊர்ப் பெயர். இங்கேதான் எங்கள் மாவட்டம் உங்களை உண்மையிலேயே சோதிக்கும், ஒத்துக்கொள்கிறேன். திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை என்று நாங்களே மூன்று விதமாக எழுதுகிறோம். ஈச்சிலம்பற்று, ஈச்சிலம்பத்தை, வெருகல் மூன்றையும் ஒரே பக்கத்தைச் சொல்லப் பாவிக்கிறோம். தம்பலகாமம் இன்னொரு கடிதத்தில் தம்பலகமுவ. பட்டணமும் சூழலும் பிரதேசம் சிலரிடம் நகரமும் சூழலும். இதை ஏற்றுகிறவர் தன் விருப்பத்துக்குத் தட்டச்சுச் செய்ய விட்டால் இப்படித்தான் முடியும். ஊர்ப் பெயரைத் தட்டச்சுச் செய்யவே விடாதீர்கள். பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வையுங்கள். ஒரு ஊருக்கு ஒரு குறியீட்டு இலக்கம், அதற்குக் கீழே தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் ஒவ்வொரு அங்கீகரித்த பெயர், மற்ற வழக்குப் பெயர்கள் எல்லாம் மாற்றுப் பெயராக. பிறகு யார் எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரலாம். நூலகத்தில் இதைத்தான் “பார்க்க” அட்டை என்று வைத்திருந்தோம். திருமலை என்ற அட்டையை எடுத்தால் “திருகோணமலை பார்க்க” என்று இருக்கும்.

செய்ய முடியாது என்று உங்கள் தொழில்நுட்பக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் தளம் ஜூம்லா என்ற மென்பொருளில் ஓடுகிறது என்று அடியில் எழுதியிருக்கிறது. ஜூம்லாவில் 2017இல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே தேவையான கட்டங்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்றும் வைக்கலாம். ட்ரூபலிலும் வேர்ட்பிரஸிலும் வழி இருக்கிறது. மென்பொருளில் குறை இல்லை. என்ன வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். திட்டமிடாமல் தளத்தை வாங்கிவிட்டுப் பிறகு கோவைகளை அடைக்கத் தொடங்கினால், வீட்டைக் கட்டி முடித்த பிறகு கிணற்றுக்கு இடம் தேடுகிற கதைதான்.

அடுத்த முறை இடம்மாற்றும்போது முதலில் கணக்கெடுங்கள். என்னென்ன கிடக்கிறது, எது வேண்டும், எது இனித் தேவையில்லை, எதற்குச் சொந்தக் கிளை எது. ஒரு கிளையை மட்டும் எடுத்துச் செய்து பாருங்கள், பிழை தெரிந்தால் திருத்தி மற்றக் கிளைகளுக்குப் போங்கள். பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள். அவர் மாற்றலாகிப் போகும்போது சாவிக்கொத்தைக் கையளிப்பதுபோல இந்தப் படிவத்தையும் பட்டியலையும் அடுத்தவரிடம் கையளிக்கட்டும்.

தமிழ்ப் பக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட மனம் வரவில்லை. “தமிழ்” என்ற பொத்தானை அழுத்தினேன். மேலே வரிகள் தமிழில் வந்தன. கீழே இருந்த சுற்றுநிருபத்தைத் திறந்தால் சிங்களம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. உங்கள் தளத்தில் அது பொத்தான் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மிச்சத் தூரத்துக்கு இன்னும் எத்தனை வருடமோ! தமிழ்ப் பிரதியே இல்லை என்றாலும் பரவாயில்லை, “இது சிங்களத்தில் மட்டுமே உள்ளது” என்று மொழிக் கட்டத்தில் போட்டிருந்தால் திறக்கும் முன்னரே தெரிந்திருக்கும். தமிழ்ப் பிரதி எங்கோ இருந்து, இதோடு இணைக்கப்படாமல் கிடக்கிறது என்றால் அது இன்னும் வயிற்றெரிச்சல். மூன்று மொழிப் பிரதிக்கும் ஒரே அடையாள இலக்கம் கொடுத்திருந்தால் ஒன்றைப் பிடித்து மற்ற இரண்டையும் எடுத்திருக்கலாம்.

இதெல்லாம் மேலதிக வேலை என்று சொல்வீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பகிரங்க அதிகாரசபைகள் தங்கள் பதிவேடுகளை அட்டவணைப்படுத்தி, சுட்டியிட்டு, மக்கள் தகவலைப் பெற வசதியாகப் பேண வேண்டும் என்று அது சொல்கிறது. நான் கேட்பது சலுகை இல்லை, உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும் கடமை. வேண்டுமானால் அதே சட்டத்தின் கீழ், உங்கள் தளத்தில் ஒரு அறிவித்தலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டு ஒரு விண்ணப்பம் போடவும் நான் தயார். அதற்கு வரும் பதிலும் “அறிவித்தல்” என்ற தலைப்பில் தளத்தில் ஏறிவிடுமோ என்பதுதான் பயம்.

கொஞ்சம் கூடிவிட்டது, மன்னியுங்கள். கேட்க வந்ததை மரியாதையாகவே கேட்கிறேன். ஒரே மாதிரியான விவரப் படிவம், கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள், ஊர்ப் பெயருக்கு ஒரு பட்டியல். இரண்டாம் கட்டத்துக்கான விலைமனுக் கேள்விப் பத்திரத்தில் இவற்றை எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. எழுத்தில் இல்லாததை எந்த ஒப்பந்தக்காரரும் செய்து தரப்போவதில்லை.

ஊர்ப் பெயர்களில் நான் பாதி வேலை செய்து வைத்திருக்கிறேன். மூதூர், கிண்ணியா, குச்சவெளி, தம்பலகாமம், வெருகல் பக்கத்து ஊர்கள், வழக்கில் உள்ள மாற்றுப் பெயர்களோடு, ஒரு சீஆர் கொப்பியில் இருக்கின்றன. கூப்பிட்டால் கொண்டுவருகிறேன், காசு வேண்டாம். அடுத்த நடமாடும் சேவை எப்போது என்பதையும் அறியத் தாருங்கள். அக்கா இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போகிறார்.

பதில் எழுதுவதாக இருந்தால் தலைப்பில் விடயத்தையும் திகதியையும் போட்டு எழுதுங்கள். “பதில்” என்று மட்டும் போட்டால் நான் எங்கே போய்த் தேடுவது?

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து
ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை நூலகர்